வெள்ளிக்கிழமை உப்பு பார்ப்பது யார்?

"அந்தப் பொண்ணுக்கு நாக்கே கிடையாதுடா" என்று தன் ஒரே மகன் எல்லிஸிடம் சொல்லிவிட்டு, எர்லீன் விட்ரீன் சமையலறைக் கதவைப் படாரென்று சாத்தியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தக் கதவு மெல்லிய கதவு. சம்பந்தப்பட்ட பெண், எல்லிஸ் கட்டிக்கொள்ளப்போகிற ஜனெல், அதற்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு எழுத்து விடாமல் அவள் காதில் விழுந்தது.

அவள் செய்த குற்றம் என்ன என்பதை மறந்துபோனவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். முதல் தடவையாக வீட்டுக்கு வந்தவளுக்கு எர்லீன் ஆவி பறக்கப் பூடான் வைத்தாள். பன்றிக்கறியும் ஈரலும் சோறும் பிசைந்து குடலில் அடைத்த பூடான். மமூ ஊரில் பிறந்த யாரும் அதைக் கையில் பிடித்து, ஒரு முனையைக் கடித்து, உள்ளே இருப்பதை அப்படியே வாய்க்குள் பிதுக்கித் தின்பார்கள். ஜனெல் கத்தியும் முள்கரண்டியும் கேட்டாள். வெள்ளரிக்காய் நறுக்குவதுபோல வட்டம் வட்டமாக நறுக்கினாள். தோலையும் சேர்த்து மென்று விழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு, மிஸ் எர்லீன்" என்றாள்.

எர்லீன் அதை மறக்கத் தயாராக இல்லை. பெண் மாநிலத்தின் வடக்குப் பக்கத்துக்காரி. பாப்டிஸ்ட் சபை. அப்பா அந்தச் சபையில் டீக்கன், சபைக் காரியங்களைப் பார்க்கிற பெரியவர். இதையெல்லாம்கூட எர்லீன் எப்படியோ ஜீரணித்திருப்பாள். ஆனால் அந்த டீக்கன் தன் ஊரில், மூன்று மணி நேரத் தொலைவில், எல்லிஸுக்கு ஒரு நல்ல வேலை பார்த்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் எல்லிஸின் சட்டைப்பையில் இருக்கிறது. அவன் குனியும்போதெல்லாம் அது வெளியே எட்டிப் பார்க்கிறது, எர்லீன் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு அதையே பார்க்கிறாள்.

மமூ பக்கத்தில் மனசுக்குப் பிடித்தவர்களை 'ஷா' என்று கூப்பிடுவார்கள். எர்லீன் தன் பூனையை ஷா என்பாள், தபால்காரரை ஷா என்பாள். ஜனெலை மட்டும் இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நிச்சயதார்த்த விருந்து. நோன்பு நாளான தவக்காலத்தில் என்ன விருந்து என்று எர்லீன் முணுமுணுத்தாள். டீக்கனுக்கு வேறு நாள் ஒழியவில்லையாம். அறுபது பேர் வருகிறார்கள். சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக வாசல் மிதிக்கிறார்கள். டூயி கடையில் ஐம்பது பவுண்டு பூடானுக்குச் சொல்லி வைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, தம்பி கர்லியின் டிரக்கில் போய் டூயி கடை முன்னால் இறங்கினாள் எர்லீன். பெட்ரோல் போடுகிற இடம்தான், ஆனால் அந்த வட்டாரத்தில் யாரும் பெட்ரோலுக்காக அங்கே வந்ததில்லை. வழக்கமாக அந்த நேரத்துக்கு வாசலில் பத்து டிரக்காவது நிற்கும். இன்று ஒன்றுகூட இல்லை. கதவில் அட்டை ஒன்று தொங்கியது.

கர்லி சத்தமாகப் படித்தான். "'பேத்தி வந்துகொண்டிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில். கடை எப்போது திறக்கும் என்பது அவள் கையில்.' நல்ல சேதிதானே, எர்லீன்."

"நல்ல சேதிதான். யாரு இல்லேங்கறா? அவ திங்கக்கிழமை பிறந்தா என்னவாம்?"

"போன் போட்டுப் பாரேன்."

"மூணு தடவை போட்டாச்சு. எடுக்க மாட்டேங்கறான். வேற கடைக்குப் போவோம்னு மட்டும் சொல்லாத. அந்த ஹைவே கடைக்காரன் சோத்துல கறியைத் தேட வைப்பான்."

கர்லி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அறுபத்தைந்து வயது ஆள், மனைவியை இழந்தபின் அக்கா வீட்டில்தான் மூன்று வேளையும். எல்லிஸுக்கு அவன்தான் ஞானத்தகப்பன். "அப்ப வீட்டிலேயே போட்டுடலாம்" என்றான், ஏதோ காப்பி போடலாம் என்பதுபோல.

"அம்பது பவுண்டா?"

"குளிர்காலத்துல போடலையா? பானை இருக்கு, மெஷின் இருக்கு, நான் இருக்கேன்."

"நீ இருக்கறதுதான் பயமா இருக்கு" என்றாள் எர்லீன். ஆனால் அதற்குள் டிரக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கறிக்கடையில் முப்பது பவுண்டு தோள்கறியும், ஐந்து பவுண்டு ஈரலும், உப்பில் போட்ட குடலும் வாங்கினார்கள். கல்லாவில் இருந்த பெண் மூட்டையைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள், பிறகு எர்லீனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல, மிஸ் எர்லீன். இன்னிக்கா போடப்போறீங்க?"

"பின்ன, விருந்து முடிஞ்சப்புறமா?"

அந்தப் பெண் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். எர்லீனும் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தேடவில்லை. மணி ஒன்பதாகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

கார் நிறுத்தும் கொட்டகையில் கேஸ் அடுப்பை மூட்டிப் பெரிய கறுப்புப் பானையை ஏற்றினார்கள். கறி, ஈரல், வெங்காயம், குடைமிளகாய் எல்லாம் ஒன்றாகக் கொதித்தன. பதினோரு மணிக்கெல்லாம் தெரு முழுக்க வாசனை. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சோறு எர்லீனின் புருஷன் ஓவியின் பொறுப்பு. நாற்பது வருஷம் நெல் பயிரிட்டவர். அரிசிப் பானையைத் தொட வேறு யாரையும் விட மாட்டார். பேச்சு மட்டும் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை. அதில் இரண்டை நாயிடம் செலவழித்துவிடுவார்.

மதியம் எல்லிஸும் ஜனெலும் வந்து இறங்கினார்கள். எல்லிஸ் பானையை எட்டிப் பார்த்து, "என்னம்மா இது?" என்று கேட்டான்.

"டூயிக்குப் பேத்தி பிறக்குது. அதுக்கு நான் கஷ்டப்படறேன். சட்டையை மாத்திட்டு வா, கறி அரைக்கணும்."

"பசிக்குதும்மா. வழியில பர்கர் வாங்கலாம்னா இவ விடல. இன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னு முட்டை ரொட்டி வாங்கிக் கொடுத்தா."

எர்லீன் நிமிர்ந்து ஜனெலைப் பார்த்தாள். ஜனெல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். போன வாரக் கதவுச் சத்தம் இன்னும் அவள் முகத்தில் இருந்தது. "நான் என்ன செய்யட்டும், மிஸ் எர்லீன்?" என்று கேட்டாள்.

"வெங்காயத்தாள் நறுக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"கத்தியிலதானே. அது உனக்கு நல்லாவே வரும்."

கர்லி இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டான். ஜனெல் காது மடல் சிவக்க, ஓவி அரிசி களைந்துகொண்டிருந்த மேஜையின் ஓரத்தில் போய் உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள்.

இரண்டு மணிக்குக் கறி வெந்து, அரைத்து, ஓவியின் சோற்றோடு பெரிய தொட்டியில் கொட்டியாயிற்று. கறி வெந்த சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்தாள் எர்லீன். சிவப்பு மிளகாய்த்தூள் போட்டாள், மிளகு போட்டாள். அவள் உப்பைக் கறியோடு வேகவிடுகிற ஆள் இல்லை. எல்லாம் பிசையும்போதுதான். அதற்காகக் காப்பிக் கோப்பை நிறைய உப்பு அளந்து கையில் எடுத்த நேரத்தில் போன் அடித்தது.

டூயிதான். ஆஸ்பத்திரியிலிருந்து கத்தினான். "எட்டு பவுண்டு, எர்லீன். தலை நிறைய முடி. எங்கம்மா மூக்கு அப்படியே."

"பாவம், அந்த மூக்கா? சரி சரி, தாயும் பிள்ளையும் சுகமா? அதச் சொல்லு முதல்ல."

"சுகம், சுகம். உன் பூடான்தான்..."

"பூடான் கிடக்குது விடு. நானே போட்டுட்டேன். ஒழுங்கா நாளைக்கு விருந்துக்கு வந்து சேரு, அந்தப் பிள்ளை படத்தோட." போனை வைத்தபோது எர்லீன் கண்களைத் துடைத்துக்கொண்டாள். காலையில் திட்டியதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எல்லோருக்கும் சேதியைச் சொன்னாள், கர்லியை ஒரு பீர் குடிக்க அனுமதித்தாள், திரும்ப வந்து இன்னும் உற்சாகமாகப் பிசைந்தாள். வெங்காயத்தாளும் பார்ஸ்லித் தழையும் தூவினாள். தொட்டி பச்சையும் சிவப்புமாகப் பளபளத்தது.

வழக்கம்போல விரல் நுனியில் ஒரு கவளம் எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

"வெள்ளி" என்றார் ஓவி.

அன்றைக்கு எர்லீன் காதில் விழுந்த அவருடைய முதல் வார்த்தை. எர்லீனின் கை வாய்க்கு ஒரு அங்குலம் தள்ளி நின்றுவிட்டது. கர்லி பீரைக் கீழே வைத்தான். கறிக்கடைக்காரி ஏன் சிரித்தாள் என்பது எர்லீனுக்கு அப்போதுதான் உறைத்தது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க வீடு, அன்றைக்குக் கறி ஆகாது. ஐம்பது பவுண்டுக் கறியும் சோறும் கலந்து ஆறிக்கொண்டிருக்கிறது, அதில் உப்பு சரியா என்று பார்க்க ஒரு நாக்குக்கும் அனுமதி இல்லை. பிறந்ததிலிருந்து எர்லீன் தவக்கால வெள்ளியில் கறி தொட்டதில்லை. பிரசவ வலியில்கூட ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த சூப்பை மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பியவள்.

"நாக்குல வெச்சுட்டுத் துப்பிடேன், ஷா" என்றான் கர்லி.

"கடவுள் பாக்காத நேரமா பாத்துத் துப்பட்டுமா?"

"அப்ப நான் பாக்கறேன். எனக்கு அறுபது தாண்டிருச்சு, விதிவிலக்கு உண்டு."

"அது ஒரு வேளைச் சாப்பாட்டு விதிக்குடா. கறிக்கு இல்ல. சாகிற வரைக்கும் இல்ல. கோயில்ல தூங்காம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஃபாதருக்குப் போன் பண்ணிக் கேப்போம்."

போன் செய்தார்கள். ஃபாதர், பங்கு மக்களோடு நண்டும் இறாலும் வேகவைக்கப் போயிருப்பதாகப் பதில் வந்தது. நாலு வீடு தள்ளிச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு விதி கிடையாது என்று எல்லிஸ் நினைவுபடுத்தினான். "காரம்னு ஊரைக் கூட்டும். உப்பு எங்க சொல்லும்?" என்று அதையும் தள்ளினாள் எர்லீன்.

அடைக்காமல் நாளை வரை வைக்கலாம் என்றால், காலையில் அடைத்து வேகவைத்து அறுபது பேருக்கு எடுத்து வைக்க நேரம் போதாது. அப்படியே அடைத்துவிடலாம் என்றால், சம்பந்தி வீட்டார் முன்னால் எர்லீன் விட்ரீனின் பூடான் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. எர்லீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஓவி மேஜையின் ஓரத்தைப் பார்த்தார். கர்லியும் அங்கே பார்த்தான். எல்லிஸ் பார்த்தான். கடைசியாக, வேறு வழியே இல்லாமல், எர்லீனும் பார்த்தாள்.

வெங்காயத்தாள் நறுக்கி முடித்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஜனெல், நாலு ஜோடிக் கண்களும் தன்மேல் இருப்பதைக் கண்டு பலகையைக் கீழே வைத்தாள்.

"நீ பாப்டிஸ்டுதானே?" என்று கேட்டாள் எர்லீன். இரண்டு மாசமாக அதே வார்த்தையைப் பெருமூச்சோடுதான் சொல்லியிருக்கிறாள். இன்று அதில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது.

"ஆமாம், மிஸ் எர்லீன்."

"உங்க சபையில இந்த வெள்ளிக்கிழமை கிள்ளிக்கிழமையெல்லாம் கிடையாதே?"

"கிடையாது. ஆனா நானும் இன்னிக்குக் கறி தொடறதில்லன்னு இருக்கேன்."

"உன்னை யாரு இருக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. இந்த வீட்டுக்கு வரப்போறேன். இந்த வீட்டு வெள்ளிக்கிழமையை நானும் இருந்து பாப்போம்னு நினைச்சேன்."

கர்லி தன் பீர் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தான். எர்லீனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நம் மதம் இல்லையே என்று புலம்பியவள், இப்போது அந்தப் பெண்ணிடம் வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கறி தின்னச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

"எனக்காக ஒரு வாய் தின்னு" என்றாள் மெதுவாக. "பாவம்னு ஏதாவது இருந்தா என் கணக்குல போகட்டும்."

ஜனெல் கரண்டியை எடுத்தாள். ஒரு வாய் தின்றாள். எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள்.

"ரொம்ப நல்லாருக்கு, மிஸ் எர்லீன்."

எர்லீன் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தாள். கை முழுக்கக் கறிச்சாறு என்பதுகூட நினைவில் இல்லை. "வெள்ளரிக்காய் மாதிரி நறுக்கின அன்னிக்கும் இதே வார்த்தையத்தான் சொன்ன. அன்னிக்கு நிஜமாவே நல்லாருந்துச்சா?"

ஜனெல் எல்லிஸைப் பார்த்தாள். எல்லிஸ் கூரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு..." என்று இழுத்தாள் ஜனெல். "ஈரல் வாசனை எனக்குப் புதுசு. தோலு மெல்லவே முடியல. நீங்க பாத்துட்டே இருந்தீங்க. மரியாதைக்காகச் சொன்னேன்."

கர்லி வாய்விட்டுச் சிரித்தான். எர்லீன் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு மரியாதை வேணாம். எனக்கு உப்பு வேணும். நிஜத்தைச் சொல்லு."

ஜனெல் இன்னொரு வாய் எடுத்தாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"சப்புன்னு இருக்கு" என்றாள். "காரம் முதல்ல வருது. அப்புறம் ஈரல் வருது, அது நல்லாவே இருக்கு, நிஜமாவே. ஆனா அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. உப்பே போடாத மாதிரி இருக்கு."

"அடப் பொண்ணே" என்றான் கர்லி. "முப்பது வருஷமா எங்கக்கா கை உப்புத் தப்பினதில்ல. யாருகிட்ட என்ன சொல்றே?"

"நான் போட்டேன்" என்றாள் எர்லீன். குரல் கடினமாகியிருந்தது. "இதே கையால அளந்தேன்."

"அளந்திருப்பீங்க, மிஸ் எர்லீன். ஆனா என் நாக்குக்கு வரல."

நாக்கு என்ற வார்த்தை வந்ததும் ஜனெல் சமையலறைக் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஆனாலும் சொன்னதை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எல்லிஸால் பொறுக்க முடியவில்லை. "நான் பாத்துச் சொல்றேன்மா, நாளைக்கு ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன்" என்று தொட்டிப் பக்கம் கையை நீட்டினான். ஜனெல் அவன் புறங்கையில் பட்டென்று ஒரு அடி போட்டாள். "நீ சும்மா இரு. உனக்கு இன்னிக்கு வெள்ளி."

எர்லீன் அந்த அடியைப் பார்த்தாள். தான் அடித்திருக்க வேண்டிய அடி. சரியான இடத்தில், சரியான அளவில் விழுந்திருந்தது.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவள் சொல்வதைக் கேட்டுப் போட்டு, இவள் சொன்னது தப்பென்றால், நாளைக்கு அறுபது பேரும் தண்ணீர்க் குடத்தைத் தேடுவார்கள். ஊர் பல வருஷம் பேசும். ஆனால் முகத்துக்காகப் பொய் சொல்கிறவளாக இருந்தால், முதலில் சொன்ன 'நல்லாருக்கு'வோடு நிறுத்தியிருப்பாளே. இப்போது பயந்து நடுங்கிக்கொண்டு உண்மையைச் சொல்கிறாள். எர்லீனுக்கு அது போதுமானதாக இருந்தது.

"கர்லி, அந்த உப்புப் பையை எடு" என்றாள். "நான் போடறேன். நீ சொல்லு."

ஒரு கைப்பிடி போட்டுப் பிசைந்தாள். ஜனெல் ருசி பார்த்தாள். "இன்னும்."

இன்னொரு கைப்பிடி. "இன்னும்."

கர்லி கண்ணைப் பொத்திக்கொண்டான். மூன்றாவது கைப்பிடி. "வந்துட்டே இருக்கு. இன்னும் பாதி." போட்டாள். ஜனெல் மென்றாள், தலையாட்டினாள், பிறகு கொஞ்சம் யோசித்தாள். "இப்பச் சரியா இருக்கு. ஆனா இன்னொரு சிட்டிகை போடுங்க. சோறு ராத்திரிக்குள்ள உப்பை இழுத்துக்கும்."

எர்லீனின் கை நின்றது. "இதை யாரு சொன்னா உனக்கு?"

"மிஸ்டர் ஓவி. அரிசி களையும்போது நிறைய சொன்னார்."

எர்லீன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். "நிறையவா?" என்றாள். ஓவி நாயைத் தடவிக்கொடுக்க வெளியே போய்விட்டார்.

அதற்குமேல் வேலை பறந்தது. உப்புப் போக அலசிய குடலை மெஷின் குழாயில் ஏற்றி, கர்லி பிடியைச் சுற்ற, ஜனெல் வழிந்து வருவதைத் தாங்கிப் பிடித்தாள். முதல் குடல் அவள் கையிலேயே வெடித்து எல்லிஸின் சட்டை முழுக்கச் சோறு. பையிலிருந்த கடிதத்திலும் கொஞ்சம். எர்லீன் அதைத் துடைக்கச் சொல்லவில்லை. இரண்டாவது நன்றாக வந்தது. மூன்றாவதிலிருந்து ஜனெல் பாட ஆரம்பித்துவிட்டாள், ஏதோ சபைப் பாட்டு. கர்லி அதற்குத் தாளம் போட்டான்.

"தண்ணி கொதிக்கக் கூடாது, லேசாச் சிரிச்சா போதும். கொதிச்சா தோலு கிழிஞ்சுடும்" என்று எர்லீன் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கே தெரியாமல் குரல் இளகியிருந்தது. ஐந்தரைக்கு ஐம்பது பவுண்டும் வரிசையாகத் தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தன.

மற்றவர்கள் கோயிலுக்கு உடை மாற்றப் போனார்கள். எர்லீன் மேஜையைத் துடைத்தாள். போனுக்குப் பக்கத்தில் ஒரு துணி குவிந்து கிடந்தது. அதை எடுத்தாள். அடியில் காப்பிக் கோப்பை இருந்தது. விளிம்பு வரை உப்பு. ஒரு கல்கூடக் குறையாமல்.

எர்லீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு பவுண்டுப் பிள்ளைக்காகக் கண்ணைத் துடைத்தபோது கீழே வைத்த கோப்பை. அந்தப் பெண் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் அவளுக்கு வேர்த்துவிட்டது. பிறகு தானாகச் சிரிப்பு வந்தது. கோப்பையைத் துணியால் மூடி, பத்திரமாக அலமாரிக்குள் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். சிலுவைப்பாதையில் பதினாலு ஸ்தலத்திலும் அவள் ஒரே ஆளுக்காகத்தான் வேண்டிக்கொண்டாள். யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி. நல்ல வெயில். கர்லியின் டிரக் எஞ்சின் முன்மூடிமேல் காகிதத்தை விரித்து, சூடாக்கிய பூடானைப் போட்டு, பக்கத்தில் காப்பி வைத்திருந்தார்கள். சனிக்கிழமைப் பூடானை இப்படி நின்றுகொண்டு தின்றால்தான் அந்த ஊர்க்காரர்களுக்கு இறங்கும். முதல் துண்டு எர்லீனுக்கு. அவள் முனையைக் கடித்து, பிதுக்கி, மென்றாள்.

உப்பு இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தது. அவள் கையால் முப்பது வருஷமாக வந்துகொண்டிருந்ததைவிட ஒரு மயிரிழை நன்றாகவே இருந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

எர்லீன் உள்ளே போனாள். காப்பிக் கோப்பையைக் கொண்டுவந்து ஜனெலின் முன்னால் வைத்துத் துணியை எடுத்தாள்.

"நேத்து நான் போட்டேன்னு சாதிச்சேனே, அந்த உப்பு இதுதான்" என்றாள். "உனக்கு நாக்கு இல்லன்னு சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். தப்பு என்மேலதான். இந்த வீட்டுலயே நல்ல நாக்கு உன்னோடதுதான், ஷா."

ஜனெல் கோப்பையைப் பார்த்தாள், எர்லீனைப் பார்த்தாள். சிரிக்கப்போய் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே ஒரு பூடானை எடுத்தாள். முனையைக் கடித்தாள், பிதுக்கினாள். பாதி வாயிலும் பாதி முகவாயிலுமாக வந்து சேர்ந்தது. கர்லி கைதட்டினான். ஓவி தன் கைக்குட்டையை நீட்டி, "துடைச்சுக்கோ, ஷா" என்றார். அன்று நாய்க்கு ஒரு வார்த்தைதான் மிச்சம்.

அப்போதுதான் வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. மூன்று மணி நேரம் முன்னாலேயே. டீக்கன் இறங்கினார், கோட்டுப் போட்டு, முடியைப் படிய வாரி. பின்னால் அவர் மனைவி ஒரு கேக் டப்பாவோடு. வணக்கமும் கைகுலுக்கலும் முடிந்தன. டிரக் முன்மூடியைப் பார்த்த டீக்கன், "ரொம்ப நல்லாருக்கும்போல இருக்கே. ஒரு முள்கரண்டி கிடைக்குமா, மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"அப்பா, கையில பிடிங்க" என்றாள் ஜனெல்.

எல்லோரும் சிரித்தார்கள். டீக்கனும் சிரித்துவிட்டு ஒரு துண்டை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு எல்லிஸ் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த வேலை விஷயம். நேத்து அவங்க மறுபடி போன் பண்ணினாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாதாம். இன்னிக்கே பதில் வேணுமாம். என்ன சொல்லட்டும்?"

சிரிப்பு நின்றது. எல்லிஸின் கை சட்டைப்பையைத் தொட்டது. அவன் வாய் நிறையப் பூடான். பதில் சொல்ல அதை மென்று விழுங்கியாக வேண்டும், அவன் மெதுவாக மென்றான்.

எர்லீன் நகர்ந்து வந்து ஜனெலின் பிசுபிசுத்த கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நேற்றுக் காலை வரை ஒருத்தன் போய்விடுவானே என்றுதான் அவளுக்குப் பயம். இப்போது இரண்டு பேரும் போய்விடுவார்களே என்று பயமாக இருந்தது.